நல்ல படம் எது? இரசிகர் தீர்ப்பும் காலத்தின் தீர்ப்பும்

இரவுச் சாப்பாடு முடிந்து பாய் விரிக்கும் வேளையிலே, வீட்டில் எவரேனும் ஒரு படத்தின் பேரைச் சொல்லிவிட்டாற் போதும். நித்திரை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போய்விடும். "எங்கடை காலத்துப் படங்கள் மாதிரி இனி வருமே?" என்று பெருமூச்செறிவார் அப்பா. "அந்தப் படங்களிலை நிண்ட நிலையிலை வசனம் பேசினதைத் தவிர வேறென்ன இருக்கு, அப்பா?" என்று மறுப்பான் விடுமுறைக்கு வந்திருக்கும் மகன். கண்ணீர் வராத படம் அம்மாவுக்குப் படமே அன்று. தங்கைக்கோ, பாட்டு நன்றாயிருந்தால் ஏனைய குற்றங்கள் யாவும் மன்னிக்கத் தக்கவை. மூலையிலிருந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவுக்குப் படத்தின் பேரும் நினைவில்லை. நடித்தவர் பேரும் நினைவில்லை. ஆயினும் அதிலே வந்த ஒரு தாயின் முகம் மட்டும் இன்றளவும் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

தியேட்டர் வாசலிலே நின்று நடந்த இவ்விவாதம் இன்று கைபேசித் திரை வரையில் வந்துவிட்டது. இடம் மாறியதேயன்றி விவாதம் மாறவில்லை. இதனை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். எந்தப் படம் நிலைக்கும், எந்தப் படம் மறையும் என்பதை இறுதியிலே தீர்மானிப்பது இத்தகைய பேச்சுத்தான். அவ்வாறாயின், நாம் எவ்வாறு பேசுகின்றோம் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பார்த்தல் நன்றல்லவா?

ஒரே ஆண்டில் இரண்டு படங்கள்

1954ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஏ.வி.எம். நிறுவனத்தார் "அந்த நாள்" என்னும் படத்தை வெளியிட்டனர். இயக்கியவர், வீணை வித்துவானாகவும் புகழ் பெற்ற எஸ். பாலசந்தர், திரைக்கதையையும் வசனத்தையும் ஆக்கியதோடு துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். 1943இல் சென்னை மீது யப்பானியர் குண்டு வீசிய காலத்தைப் பின்னணியாகக் கொண்டது கதை. வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகின்றான். கொன்றவர் யார் என்று அதிகாரி விசாரிக்கின்றார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அயல்வீட்டுக்காரர், ஆடல் நங்கை ஒருத்தி ஆகிய ஐவர் மீதும் ஐயம் விழுகின்றது. ஒவ்வொருவர் வாய்மொழியிலும் அவன் வேறு வேறு மனிதனாகத் தோன்றுகின்றான்.

யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் "ராஷோமோன்" (1950) படத்தின் தாக்கம் இதிலே உண்டு. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு சொல்லும் அவ்வுத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, முற்றிலும் சென்னைக்குரியதொரு கதையைப் பின்னியிருந்தனர். படத்திலே ஒரு பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஒரே படத்தில் நாற்பது ஐம்பது பாட்டுக்களையும் கேட்டுப் பழகிய மக்களுக்கு அது எத்தகைய அதிர்ச்சியாயிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, கதாநாயகனாகிய சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே இறந்து கிடக்கின்றார். அவர் ஏற்ற பாத்திரமோ போற்றத்தக்க உத்தமனும் அன்று. படம் வசூலிலே தோற்றது.

அதே ஆண்டிலேயே கோயம்புத்தூர்ப் பட்சிராஜா நிறுவனத்தாரின் "மலைக்கள்ளன்" வெளிவந்தது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் கதை, மு. கருணாநிதியின் வசனம், எம்.ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் முக்கிய நடிகர்கள். பாட்டு, சண்டை, குதிரைச் சவாரி, மாறுவேடம் யாவும் நிறைந்த இப்படத்தை மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். இதனை இயக்கிய எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவே திலீப்குமாரைக் கொண்டு "ஆசாத்" (1955) என்று இந்தியிலும் எடுத்தார். வேறு மொழிகளும் அக்கதையை எடுத்துக்கொண்டன.

இனி வருவதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அவ்வாண்டுக்குரிய இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகள் வழங்கப்பட்டபோது, தமிழுக்குரிய ஜனாதிபதி வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றது "மலைக்கள்ளன்". "அந்த நாள்" தகுதிச் சான்றிதழ் பெற்றது. பாமரருக்குப் பிடித்ததைப் பண்டிதர் வெறுப்பர் என்றும், பண்டிதருக்குப் பிடித்ததைப் பாமரர் அறியார் என்றும் நாம் வகுத்து வைத்திருக்கும் கோடு அன்றே அழிந்து போயிற்று. இன்று தமிழ்ப் படங்களின் வரலாற்றைப் பேசுவோர் "அந்த நாள்" படத்தைக் கூறாமல் மேலே செல்வதில்லை. அதற்காக "மலைக்கள்ளன்" தாழ்ந்துவிடவுமில்லை. ஒன்று புதுவழி திறந்தது. மற்றது தெரிந்த வழியிலே திறம்பட நடந்தது. இரண்டும் வேண்டியவையே.

கட்சி கட்டிய இரசிகர்

ஆயினும் நம்மவர் அன்று இப்படங்களைப் பற்றிப் பேசிய முறை வேறு. "நீர் எந்தப் பக்கம்?" என்பதே முதற் கேள்வி. எம்.ஜி.ஆர். பக்கத்தார் சிவாஜி படத்தைப் பாராமலே பழித்தனர். சிவாஜி பக்கத்தாரும் அக்கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்தனர். 1964 ஜனவரி 14ஆந் திகதி தைப்பொங்கலன்று "கர்ணன்", "வேட்டைக்காரன்" ஆகிய இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. எது நல்ல படம் என்பதிலும் எது கூடுதலாக ஓடும் என்பதே பெரிய பேச்சாயிற்று. பி.ஆர். பந்துலு பெரும் பொருட் செலவிலே வண்ணத்தில் எடுத்த "கர்ணன்", செலவுக்கேற்ற வசூலைத் தரவில்லை. தோற்ற படமென்று அதற்கு ஒரு முத்திரை குத்தப்பட்டது.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2012இல் அப்படத்தின் ஒளியையும் ஒலியையும் புதிய தொழில்நுட்பத்தாற் செப்பனிட்டு மீண்டும் திரையிட்டனர். முதன்முறை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று அனுமதிச் சீட்டு வாங்கினர். படம் பல வாரங்கள் ஓடியது. படத்திலே எதுவும் மாறவில்லை. அதே கர்ணன், அதே கண்ணன், அதே குருச்சேத்திரம். மாறியது யாது? பழைய கட்சிச் சண்டை ஓய்ந்திருந்தது. அதனாலே படம் படமாகத் தெரிந்தது.

அறிஞரும் மாறுவர்

"இரசிகர் பாமரர், அவர் தீர்ப்பு மாறும். அறிஞர் தீர்ப்பு அவ்வாறன்று" என்று சொல்வாரும் உளர். அதையும் பார்ப்போம். இங்கிலாந்தில் வெளிவரும் "சைட் அண்ட் சவுண்ட்" என்னும் சஞ்சிகை பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகத்து விமர்சகர்களைக் கேட்டுச் சிறந்த படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிடுகின்றது. 1952இல் முதலிடம் பெற்றது "சைக்கிள் திருடர்கள்" என்னும் இத்தாலியப் படம். 1941இல் வந்த "சிட்டிசன் கேன்" அம்முறை முதற் பத்திலும் இடம்பெறவில்லை. ஆனால் 1962 தொடக்கம் 2002 வரை நடந்த ஐந்து வாக்கெடுப்புகளிலும் அதுவே முதலிடத்தில் அமர்ந்திருந்தது. 2012இல் ஹிட்ச்கொக் எடுத்த "வேர்ட்டிகோ" (1958) அதனை இறக்கியது. 2022இல் சாந்தால் அக்கர்மன் என்னும் பெண் இயக்குநரின் "ஜான் டீல்மன்" (1975) முதலிடத்துக்கு வந்தது. ஒரு குடும்பத் தலைவி உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் பொறுமையோடு காட்டும் படம் அது.

ஆகவே, கற்றறிந்தோரும் காலத்தோடு மாறுகின்றனர். அது குற்றமன்று. புதிய தலைமுறை புதிய கேள்விகளோடு பழைய படத்தின் முன் அமர்கின்றது. முன்னோர் காணாத ஒன்றைக் காண்கின்றது. நம் வீட்டு மகன் தந்தையோடு மாறுபடுவதும் அதுபோன்றதே. அவனை அடக்கிவிடுதல் தந்தைக்கு அழகன்று. தந்தையை எள்ளி நகையாடுதல் மகனுக்கும் அழகன்று.

நம் நாட்டுக் கதை

இனி நம் தீவுக்கு வருவோம். சிங்களத்தின் முதற் பேசும் படமாகிய "கடவுனு பொரொந்துவ" (1947), எஸ்.எம். நாயகம் என்னும் தமிழரால் தென்னிந்தியாவிலே தயாரிக்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்திய அச்சிலேயே வார்க்கப்பட்டன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குச் சென்று "ரேகாவ" எடுத்தார். அடுத்த ஆண்டு பிரான்ஸ் தேசத்தின் கான் திரைப்பட விழாவில் அது போட்டியிட்டது. உள்ளூரிலோ வசூல் கிட்டவில்லை. அவர் மனந் தளரவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைக் கொண்டு அவர் ஆக்கிய "கம்பெரலிய" (1963), 1965இல் புதுடில்லி சர்வதேச விழாவிலே தங்க மயில் விருதை வென்றது. 2018இல் தமது 99ஆம் வயதில் அவர் காலமானபோது நாடே அவரைத் தன் திரைக்கலையின் தந்தையென்று போற்றி வழியனுப்பியது.

நம்மவர் கதைக்கு இத்தகைய முடிவு வாய்க்கவில்லை. 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்து வாழ்க்கையை வைத்து "பொன்மணி" என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தார். சீதனத்தாலும் சாதியாலும் வாடும் பெண்களின் கதை அது. வெற்று வீரமும் கனவுப் பாட்டும் எதிர்பார்த்துச் சென்ற நம்மவர் அதனை ஏற்கவில்லை; படம் விரைவிலே தியேட்டர்களை விட்டு அகன்றது. இன்று ஈழத்துத் தமிழ்ப் படங்களைப் பற்றி எழுதுவோர் முதல் வரிசையில் வைத்துப் பேசும் படங்களுள் அதுவும் ஒன்று. நம் வீட்டு முற்றத்தைத் திரையிலே காட்டியபோது நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்று நாம் கூடிப் பார்த்து, நிறை குறைகளைப் பேசியிருந்தால், அவ்வழியில் இன்னும் எத்தனை படங்கள் எழுந்திருக்குமோ!

திரைப்படம் கல்வெட்டன்று. அது நெருப்புக்கும் பூஞ்சணத்துக்கும் எளிதில் இரையாகும் சுருள். தமிழின் முதற் பேசும் படமாகிய "காளிதாஸ்" (1931) இன்று எவரிடத்திலும் இல்லை. 1983 யூலைக் கலவரத்திலே ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, பல படங்களின் மூலச் சுருள்கள் சாம்பராயின. நெருப்பிலே போனவற்றை நாம் மீட்க இயலாது. ஆனால் கவனிப்பாரின்றிப் போகின்றவற்றைக் காக்கலாம். ஒரு படத்தைப் பலர் கேட்டாற்றான் அதைத் தேடியெடுத்துச் செப்பனிட ஒருவர் முன்வருவார். பேசப்படாத படம் பெட்டிக்குள்ளேயே உக்கிப்போகும்.

எவ்வாறு பேசுவோம்?

ஆகையால், குடும்பத்தினருக்கும் மாணவருக்கும் நாம் சில வார்த்தை சொல்ல விழைகின்றோம்.

முதலாவது, பாராத படத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறாதிருத்தல். பாதியிலே எழுந்து வந்த படத்துக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, நடிகரையும் படத்தையும் பிரித்தறிதல். நமக்குப் பிடித்த நடிகர் மோசமான படத்திலே நடித்திருத்தல் கூடும். பிடியாதவர் அரிய படத்திலே நடித்திருத்தலும் கூடும்.

மூன்றாவது, "நல்லது", "கூடாது" என்பதோடு நில்லாது, ஏன் என்று சொல்லப் பழகுதல். எந்தக் காட்சி மனத்தைத் தொட்டது? எங்கே கதை தளர்ந்தது? ஒளியும் நிழலும் எதற்கு உதவின? மாணவருக்கு இது நல்ல கட்டுரைப் பயிற்சியுமாகும்.

நான்காவது, ஆளுக்கொரு படம் தெரிந்து, எல்லோரும் கூடியிருந்து பார்த்தல். இந்தக் கிழமை அப்பா விரும்பும் கறுப்பு வெள்ளைப் படம். அடுத்த கிழமை மகன் விரும்பும் புதுப்படம். முகஞ் சுளியாமல் முடியும்வரை இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

ஐந்தாவது, பத்து ஆண்டுகளுக்கு முன் பழித்த படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தல். கருத்து மாறினால் அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

முதலிற் சொன்ன "அந்த நாள்" படத்தை இன்னும் பாராதவர்கள் இவ்வாரமே பார்க்கலாம். கொலை செய்தவர் யார் என்பதை இங்கே வெளியிட்டு அவர்களின் சுவையைக் கெடுக்க நாம் விரும்பவில்லை. ஆனால் அதிலே வரும் அதிகாரியைக் கவனியுங்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டவுடன் அவர் முடிவுக்கு வருவதில்லை. எல்லோர் சொல்லையும் செவிமடுக்கின்றார். ஒவ்வொருவர் சொல்லிலும் சிறிதளவு உண்மையும், சொல்பவரின் சொந்த விருப்பு வெறுப்பும் கலந்திருத்தலைக் காண்கின்றார்.

நம் வீட்டிலும் ஐவர் சாட்சி சொல்கின்றனர். வசனத்தை மெச்சும் அப்பா, கண்ணீரைத் தேடும் அம்மா, புதுமை விரும்பும் மகன், பாட்டில் மயங்கும் தங்கை, ஒரு முகத்தை மட்டும் காத்து வைத்திருக்கும் அம்மம்மா. பேசாதிருக்கும் அம்மம்மாவையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்தப் படம் எதுவென்று வீடே கூடித் தேடத் தொடங்கும்.