பழ ஈயின் குடலும் அளவறிந்த காவலும்

மிகக் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறிய ஈயைக் கமக்காரர் யாவரும் அறிவர். பாகல், புடோல் முதலியவற்றின் காய்களைத் துளைத்து முட்டையிடும் ஈ வேறு, இது வேறு. நொதித்த பழத்தில் வளரும் மதுவமே இதன் முக்கிய உணவாகும். அவ்வுணவுடன் பற்றீரியாக்களும் ஓயாது இதன் குடலினுட் செல்கின்றன. எனினும் இவ்வீ நலமுடன் வாழ்கின்றது.

கிருமிகளைக் கொல்லவல்ல சிறு புரதங்களை ஆக்கும் ஆற்றல் இதன் குடலுக்கு உண்டு. பற்றீரியாக்களின் சுவரிலிருந்து உதிரும் துணுக்குகளே அவற்றை ஆக்குவதற்குரிய அறிகுறியாகும். ஆயினும், துணுக்குகளைக் கண்டபோதெல்லாம் குடல் போர் தொடுப்பதில்லை. அவற்றை வெட்டிச் சிதைக்கும் நொதியங்களையும் அதுவே சுரக்கின்றது. துணுக்குகள் சிலவாயின் அவை சிதைந்தொழியும், காவலும் அடங்கியிருக்கும். தீய கிருமிகள் பெருகித் துணுக்குகள் மிகும்போது நொதியங்களால் ஈடுகொடுக்க இயலாது. அப்பொழுதே காவல் முழுவதும் எழும். இதனுடன், கோடல் என்னும் புரதமொன்றும் குடலிற் கிருமிகொல்லிப் புரதங்கள் மிகையாக உண்டாகாவண்ணம் தடுக்கின்றது.

இத்தடை நீங்கின் விளைவது யாது என்பதைத் தென்கொரிய ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கோடற் புரதம் குறைக்கப்பட்ட ஈக்களின் குடலிற் கிருமிகொல்லிப் புரதங்கள் மிகுந்தன. அதனால், வழக்கமாக அங்கு வாழும் தீங்கற்ற பற்றீரியாக்கள் அருகின. முன்னர்ச் சிறு தொகையாயிருந்த வேறொரு பற்றீரியா, எதிர்ப்போரின்மையால் பெருகியது. குடற் கலங்கள் மடிந்தன, ஈக்களும் மாண்டன. கிருமிகளே இல்லாச் சூழலில் வளர்க்கப்பட்ட அத்தகைய ஈக்களிற் குடற் கலங்கள் அவ்வாறு மடியவில்லை. எனவே, கேட்டை விளைத்தது காவலின் மிகையால் இடம்பெற்ற அப்பற்றீரியாவே என்பது தெளிவாயிற்று.

நெல் வயலிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. கண்ட பூச்சிக்கெல்லாம் பீடைநாசினி தெளிப்பின், கபில நிறத் தத்தியை உண்ணும் சிலந்திகளும் பிற நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். நெற்றண்டின் உள்ளே இடப்பட்ட தத்தி முட்டைகளோ பெரும்பாலும் தப்பிவிடும். அவற்றிலிருந்து வெளிவரும் தத்திகள் பகையின்றிப் பெருகிப் பயிரை எரித்தாற்போலாக்கும்.

ஆதலால், கமக்காரர் பயிரின் அடித்தண்டைக் கிழமைதோறும் விலக்கிப் பார்த்தல் வேண்டும். தத்திகளோடு சிலந்திகளையும் கணக்கிடுக. சிலந்திகள் மிகுந்தும் தத்திகள் குறைந்தும் இருப்பின் மருந்து வேண்டா. தத்திகள் பெருகிவரக் காணின், காலந் தாழ்த்தாது உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்று, அவர் கூறும் மருந்தை அவர் கூறும் அளவில் மட்டும் தெளித்தல் நன்று.