இளவேனிலும் ஒளிப்படக் கலையும்

இயற்கையை நுணுகி நோக்கி, ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டவர் தமிழர். அவற்றுள் இளவேனிலுக்குச் சித்திரையும் வைகாசியும் உரியன என்பது மரபு. ஒளிப்படக் கலை குறித்த நூல்கள் பலவும் குளிர்நாட்டு வசந்தத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. பனி உருகியபின் மெல்ல மலரும் அவ்வசந்தம் வேறு. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நம் ஒசூர்ப் பகுதியின் வேனில் வேறு. எனவே நம் மண்ணுக்கேற்ற முறையை நாமே வகுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

எப்போது, எதை?

இங்கு இளவேனிலின் முன்னறிவிப்பு மாசியிலேயே தொடங்கிவிடுகிறது. இலையுதிர்த்த புரச மரம் செந்நெருப்பெனப் பூத்து நிற்கும். பங்குனியில் புங்கமரம் பளபளக்கும் தளிர்விட்டுப் பின்னர் மலர்களை நிலத்தில் பாய்போல் விரிக்கும். சித்திரையில் வேம்பும் சரக்கொன்றையும் பூக்கும். இம்முறை அறிந்தவனே உரிய நாளில் உரிய மரத்தடியில் நிற்பான். நல்ல படத்தின் முதற்படி கருவியன்று. காலம் அறிதலே ஆகும்.

ஒளியின் இயல்பு

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல் ஹைதம், சூரிய கிரகணத்தின்போது சிறுதுளை வழியே விழும் பிறைவடிவ ஒளியைப் பதினோராம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். இன்றைய கேமராவும் துளைவழி நுழையும் ஒளியையே நம்பியுள்ளது.

வேனிலின் நண்பகல் வெயில் மலரின் நிறத்தை வெளிறச் செய்யும், நிழலைக் கரியாக்கும். ஆகவே கதிரவன் எழுந்த இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முந்திய ஒரு மணி நேரமும் ஏற்றவை. காலையில் காற்றும் அடங்கியிருப்பதால் பூங்கொத்து அசையாது. புங்கந்தளிரைக் கதிரவனுக்கு எதிர்நின்று எடுத்தால், ஒளி இலையை ஊடுருவி நரம்புகள் தெளிவாகத் தோன்றும். புரசம்பூ போன்ற செந்நிற மலர்களில் ஒளியளவைச் சற்றுக் குறைத்தல் நலம். இன்றேல் இதழ்களின் மடிப்புகள் மறைந்து வெறும் செம்மையே எஞ்சும். கைப்பேசி வைத்திருப்போர் திரையில் மலரைத் தொட்டு, ஒளியளவை விரலால் தாழ்த்திக்கொள்ளலாம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும். பின்னணியில் மின்கம்பி குறுக்கிடின், இரண்டடி நகர்ந்து நின்றாலே போதும்.

பொறுமையும் நெறியும்

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) இத்துறையில் நமக்கு முன்னோடி. கருப்பு வெள்ளைப் படங்களாலேயே யானையையும் புள்ளினத்தையும் பதிவுசெய்தார். பலவற்றின் உறுப்புகளைத் தாமே இணைத்துக் கருவி அமைத்துக்கொண்டார். 1970ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர்தம் வெற்றி கருவியின் விலையில் இல்லை; விலங்கின் நடத்தையை ஆண்டுக்கணக்கில் கவனித்த பொறுமையில் உள்ளது.

கூட்டை மறைக்கும் கிளையைப் படத்திற்காக ஒடிப்பது குஞ்சுகளை வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாக்குவதாகும். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் யானைகளும் சாம்பல் நிற மலையணிலும் வாழ்கின்றன. வனத்துறையின் இசைவின்றி அக்காட்டினுள் நுழைதல் தகாது.

பதிவே சான்று

சிப்காட் ஆலைகளும் விரியும் சாலைகளும் நம் பகுதிக்கு வாழ்வளித்தன. அவற்றோடு சாலையோரப் புளியும் புங்கமும் குறைந்தன. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நீர் நுரை பொங்கி வந்ததும் பலமுறை செய்தியாயிற்று. அந்நுரையும் நம் இயற்கையின் இன்றைய நிலையே. அதனை விலக்கி அழகை மட்டும் எடுப்பது முழு உண்மையாகாது.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாசி முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று அதனைப் படமெடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் இதனைத் தொடர்ந்தால், அம்மரம் முந்திப் பூத்ததா, பிந்திப் பூத்ததா என்பதை அப்படங்கள் உரைக்கும். ஒருநாள் அம்மரமே இல்லாது போயினும், அது நின்றதற்கு உங்கள் படம் சான்று பகரும்.