பழைய விளையாட்டு, புதிய கணிப்பொறி

1984-ல் நம் நாட்டில் 'கிளாஸ்' திட்டம் தொடங்கியது. முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு 'பிபிசி மைக்ரோ' கணிப்பொறிகள் வந்தன. நினைவகம் 32 கிலோபைட்தான்! அதற்காக எழுதிய விளையாட்டு இன்றைய கணிப்பொறியில் நேராக ஓடாது. ஏன் தெரியுமா? அதிலிருந்த 6502 நுண்செயலிக்குப் புரியும் கட்டளைகள் வேறு. இன்றைய நுண்செயலிக்குப் புரிபவை வேறு.

அப்படியானால் என்ன செய்வது? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்த வேண்டும். 'எமுலேட்டர்' என்னும் நிரல் பழைய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, 6502 செய்திருக்கும் வேலையைத் தானே செய்கிறது. பழைய நுண்செயலியின் துடிப்பு நொடிக்கு 20 லட்சம். இன்றோ 300 கோடியைத் தொடுகிறது! கட்டுப்படுத்தாவிட்டால் கண் இமைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே எமுலேட்டர் இடையிடையே வேண்டுமென்றே காத்திருக்கிறது.

ஆனால் பிளாப்பி தட்டில் உள்ள காந்தப் பதிவு நாளடைவில் மங்கும். அழிந்த பதிவை எந்த எமுலேட்டராலும் மீட்க முடியாது. மாரமங்கலமானாலும் சென்னையானாலும், உங்கள் பள்ளி அலமாரியில் பழைய தட்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். காந்தத்தின் அருகில் வைக்காதீர்கள். ஆசிரியரிடம் கொடுத்து, படிக்கும் கருவி உள்ள இடத்தில் நகலெடுக்கச் சொல்லுங்கள்.