உங்களுக்குத் தெரியுமா? - அவர்களைக் கேட்டார்களா?

• எட்வர்ட் ஜென்னர் 1796-இல் முதன்முதலாக அம்மை குத்தியது தன் தோட்டக்காரரின் 8 வயது மகனுக்கு. மாட்டம்மைக் கொப்புளத்துச் சீழைக் கையில் கீறி ஏற்றினார். சில வாரம் கழித்து, பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார்! பையன் தப்பித்தான். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.

• சோதனைக்கு எழுத்தில் சம்மதம் வாங்கிய முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீட். 1900, கியூபா. மஞ்சள் காய்ச்சல் பரப்பும் கொசுவிடம் கையை நீட்டினால் 100 டாலர், தங்கமாக. காய்ச்சல் வந்துவிட்டால் இன்னொரு 100. முன்வந்தவர்களில் பலர் ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கையெழுத்திட்டது மனமா, வயிறா?

• சோதனைக்கு முன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்று ஜெர்மனி 1931-லேயே விதி வகுத்திருந்தது. வதைமுகாம் சோதனைகள் நடந்ததும் அதே ஜெர்மனியில்தான். 1947-இல் நியூரம்பெர்க் நீதிமன்றம் 10 விதிகளை எழுதியது. முதல் விதி, சம்மதம்.

• அந்தத் தீர்ப்பு வந்தபோது அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு சோதனை ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. டஸ்கிகீ ஆய்வு. 1932-இல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள்; அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ். 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொன்னார்கள். சாப்பாடு இலவசம், இறந்தால் அடக்கச் செலவும் உண்டு, பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால். 1940-களில் பென்சிலின் வந்தது. நோய் குணமாகும் என்று தெரிந்தும் கொடுக்கவில்லை. சிகிச்சை கொடுத்துவிட்டால் நோய் முற்றுவதை எப்படிக் கவனிப்பது? 1972-இல் பத்திரிகையில் செய்தி வெளியான பிறகே நிறுத்தினார்கள். அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997-இல்.

• மாஸ்கோ தெருவில் திரிந்த நாய் லைக்கா, 1957-இல் ஸ்புட்னிக்-2இல் ஏறியது. திரும்பி வர ஏற்பாடே கிடையாது. பல நாள் உயிரோடு இருந்தது என்றார்கள். சில மணி நேரத்திலேயே சூடு தாங்காமல் செத்துவிட்டது என்பது 2002-இல்தான் வெளிவந்தது.

• அழகுசாதனப் பொருள்களை விலங்குகளிடம் சோதிக்க இந்தியா 2014-இல் தடை விதித்தது. சோதனைக்காக அவற்றைச் சொட்டிப் பார்த்த முயலின் கண்கள் தப்பின.

• வயிற்றுப்புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்று காட்ட, ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். நோபல் பரிசு 2005-இல் கிடைத்தது. குடிக்கும் முன் நெறிமுறைக் குழுவிடம் கேட்கவில்லை. வீட்டில் மனைவியிடமும் மூச்சுவிடவில்லை!