மின்கிற்றாருக்கு ஏற்ற மரம்

திருகோணமலைத் துறைமுக நகரை அடுத்துள்ள பாலையூற்று, ஒரு மரத்தின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் சமூகத்தினர் நெடுங்காலமாக வாழும் இடமும் அதுவே. அவர்தம் கொண்டாட்டங்களில் வயலினும் கிற்றாரும் ஒலிப்பது மரபு. இத்தகைய ஊரிலே ஒருவர் மின்கிற்றார் ஒன்றைத் தாமே செய்ய முற்படின், எம்மரத்தைத் தெரிந்தெடுப்பது?

வீணைக்குப் பலா மரத்தைத் தேர்வதன் காரணம் யாவரும் அறிந்ததே. அதன் குடம் அதிர்ந்து நாதத்தைப் பெருக்குகின்றது. மின்கிற்றாரின் நிலை வேறு. அதன் உடல் உட்குடைவற்ற திண்ணிய பலகை. கம்பிகளின் கீழே, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். இதுவே ஒற்றைச் சுருள் பிக்கப். உருக்குக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறிச் சுருளில் மின்னலை எழுகின்றது. ஆகவே பிக்கப் கேட்பது கம்பியை, மரத்தை அன்று. கம்பியின் அதிர்வை மரம் சிறிது மாற்றக்கூடும். ஆயினும் பிக்கப்பின் அமைப்பும், அது கம்பியிலிருந்து நிற்கும் தூரமும் ஒலியை அதனினும் மிகுதியாக மாற்றுவன.

அவ்வாறாயின் மரத்தில் நோக்க வேண்டியவை யாவை? முதலாவது எடை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ரட்டோகாஸ்டர் முதலில் ஆஷ் மரத்தாலும், 1956 முதல் பெரும்பாலும் ஆல்டர் மரத்தாலும் ஆனது. ஆல்டர் உடலின் எடை ஏறத்தாழ 2 கிலோகிராம். அதே அளவில் பாலை மரத்தை அறுத்தால் எடை இரு மடங்கையும் தாண்டும். நீரில் அமிழுமளவு கனத்த மரம் அது. முதிரையும் மிகக் கனமானதே. ஆங்கிலத்தில் திருகோணமலை மரம் என்றே வழங்கப்படும் சாவண்டலை, படகு கட்டுவதற்குப் பெயர்பெற்றது. எனினும் அதுவும் ஆல்டரினும் கனத்தது. படகைத் தாங்கும் உறுதி வேறு. இரவு முழுவதும் தோளில் தாங்கும் வசதி வேறு.

எடை குறைந்த மலைவேம்பு இதற்கு ஏற்றது. மென்மரமாதலால் திருகாணிகள் இறுகப் பிடிக்கின்றனவா என்பதை முதலில் ஒரு துண்டில் சோதித்தல் நன்று. சற்றுக் கனத்தைப் பொறுப்பவர் பலாவைக் கொள்ளலாம். எதுவாயினும் நன்கு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும். ஈரப்பலகை பின்னர் சுருங்கி முறுகினால், கழுத்துப் பொருத்து நெகிழ்ந்து சுருதி நில்லாது.

ஒற்றைச் சுருளுக்கே உரிய குறை, வீட்டு மின்னோட்டத்திலிருந்து அது வாங்கும் இரைச்சல். எவ்வளவு விலையுயர்ந்த மரமும் இதனைத் தீர்க்காது. பிக்கப் அமரும் குழியின் உட்புறத்தில் செப்புத் தகடு ஒட்டி, அதனைப் புவித்தொடுப்புக் கம்பியோடு இணைத்தால் இரைச்சல் ஓரளவு தணியும், முற்றாக நீங்காது. எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமுனையும் மாற்றப்பட்ட இன்னொரு சுருளைச் சேர்த்து இயக்கும்போது பெரும்பகுதி அடங்கும்.

எனவே அரிய மரத்திற்குப் பெரும்பணம் செலவிட்டு மலிவான பிக்கப்பை வாங்குவது, வாசலுக்குச் சித்திர வேலை செய்து கூரையை மறந்ததற்கு ஒப்பாகும். உலர்ந்த, இலேசான, திருகைத் தாங்கும் பலகை போதும். மிஞ்சும் பணம் சுருளுக்கும் கம்பிக்கும் உரியது.