காட்சிக்கூடத்தில் கவிதை: தொகுத்தோர் மரபும் சமகாலக் காட்சியமைப்பும்

முன்னுரை

தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் 'க்யூரேட்டர்' என்னும் பதவிக்குக் 'காப்பாட்சியர்' என்னும் பெயர் வழங்குகிறது. காத்தலும் ஆளுதலும் அச்சொல்லில் உண்டு. தெரிந்தெடுத்தலும் அடுக்குதலும் இல்லை. நாணயம், செப்பேடு, படிமம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இது பெருங்குறை அன்று. ஆனால் சமகாலக் கலைப்படைப்பும் சோதனைக் கவிதையும் ஒரே கூடத்தில் இடம்பெறும்பொழுது, எதனை எதன் அருகில் வைப்பது, எத்தொலைவிலிருந்து படிக்கச் செய்வது, எம்மொழியில் விளக்குவது ஆகிய முடிவுகள் கவிதையின் பொருளையே மாற்றிவிடுகின்றன. இம்முடிவுகளை எடுப்பவரின் பணி காப்பாட்சியைவிடத் தொகுத்தோர், உரையாசிரியர் ஆகியோரின் பணிக்கே நெருக்கமானது என்பது இக்கட்டுரையின் கருத்து. திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் காட்சிக்கு வந்த படைப்புகள் சிலவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து ஆராயப்படுகிறது.

தொகையும் அடைவும்

அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவர் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10 நெய்தல். இவ்வொழுங்கு எந்தத் தனிப்பாடலிலும் இல்லை, தொகுத்தவர் கொணர்ந்தது. இதனை நினைவில் வைப்பதற்கான எண் உத்தி என்று ஒதுக்கிவிடலாம். எனினும் நூலை முதலிலிருந்து படிப்பவர்க்கு நேர்வது வேறு. குறிஞ்சியில் கூடிய தலைமக்களைக் கண்ட மறுகணமே அவர் சுரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் இருபுறமும் பாலை நிற்கிறது. ஐங்குறுநூற்றிலோ திணைக்கு நூறாகப் பாடல்கள் தனித்தனிப் பகுதிகளாய் அமைகின்றன. ஒரு நிலத்தில் நெடுநேரம் தங்கிய பின்னரே அடுத்த நிலம் வருகிறது. திணைகள் அவையே; அடுக்கு வேறாகையால் பெறும் அனுபவமும் வேறு. இன்றைய காட்சியமைப்பாளர் கூடங்களின் வரிசையைத் திட்டமிடும்பொழுது செய்வதும் இதுவே.

படமாகும் செய்யுள்

கவிதையைக் கண்ணுக்குரியதாக்கும் முயற்சி என்றதும் தமிழாய்வாளர் நினைவுக்கு வருவது சித்திரகவி. தண்டியலங்காரச் சொல்லணியியலும் மாறனலங்காரமும் அதன் வகைகளை விரிக்கின்றன. நாகபந்தத்தில் பாம்புடல் பிணையும் இடத்து எழுத்து இருவழியும் பொதுவாய் நின்று படிக்கப்பெறும். கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில் திருமங்கையாழ்வாரின் திருவெழுகூற்றிருக்கை தேர் வடிவில் பொறிக்கப்பட்டுள்ளது. பாசுரத்தின் எண்ணேற்ற இறக்கம் தேரின் தட்டுகளாக அங்குத் தெரிகிறது.

இதனைக் கொண்டு, மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் கண்டதை நாம் முன்பே கண்டோம் என்று கூறும் வழக்கம் உண்டு. அது ஆய்வுக்கு உதவாது. 1956 டிசம்பரில் சாவோ பாவ்லோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த தேசியக் கான்கிரீட் கலைக் கண்காட்சியில், நொய்காந்த்ரெஸ் குழுக் கவிஞர்களின் கவிதைகள் சுவரொட்டி அளவில் ஓவியங்களுடன் மாட்டப்பட்டன. அக்கவிதைகள் தொடரிலக்கணத்தைக் கைவிட்டுச் சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தையே இலக்கணமாகக் கொண்டவை. சித்திரகவியோ யாப்பையும் தொடரையும் முற்றக் காத்து, அவற்றின்மேல் படக் கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொள்வது. ஒன்று விதியைக் குறைக்கிறது, மற்றொன்று கூட்டுகிறது. இரண்டையும் 'காட்சிக் கவிதை' என்னும் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் மாட்டினால் இவ்வேறுபாடு மறையும். அருகருகே வைக்கலாம், ஆனால் வேறுபாடு தெரியுமாறு வைத்தல் வேண்டும்.

படிக்க இயலாத எழுத்து

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் தனிக்கூடம் உள்ளது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராய் விளங்கி, 1966இல் சோழமண்டலக் கலைக்கிராமத்தை நிறுவியவர் அவர். 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில், மலையாள எழுத்தை ஒத்த கோடுகளும் சாதகக் கட்டம் போன்ற வரைவுகளும் கணக்குக் குறிகளும் பரப்பை நிரப்புகின்றன. அவை படிப்பதற்குரியவை அல்ல. மலையாளம் அறிந்தவர் படிக்க முயன்று தோற்கிறார். அறியாதவர் முயல்வதே இல்லை. ஆகவே இவ்வோவியத்தின் முழு இடர்ப்பாட்டையும் பெறுபவர் அவ்வட்டாரத்து வாசகரே. தில்லியிலோ வெளிநாட்டிலோ இந்த ஓவியம் அழகிய கோடுகளாக எளிதில் சுருங்கிவிடும். வட்டார அருங்காட்சியகம் என்பது பெருநகரக் கூடத்தின் சிறு படி அன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

கொச்சி, 2016

கொச்சி முசிறிஸ் 'பினாலே' ஈராண்டுக்கு ஒருமுறை நிகழும் கலைக்காட்சி. அதன் பெயரிலுள்ள முசிறி, எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்று 149ஆம் பாடலில் யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகொடு பெயரும் துறை. 2016 டிசம்பர் 12 அன்று தொடங்கிய மூன்றாம் காட்சியைச் சிற்பக் கலைஞர் சுதர்சன் ஷெட்டி அமைத்தார். ஓவியர், சிற்பியரோடு கவிஞரையும் புனைகதையாளரையும் சம நிலையில் அழைத்தது அவர் தொகுப்பின் தனித்தன்மை.

சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரித்தாவின் 'வலியின் கடல்' அங்கு இடம்பெற்றது. 1973 இராணுவப் புரட்சியின்போது கப்பலில் சிறைவைக்கப்பட்டவர் சூரித்தா. 1982இல் நியூயார்க் வானில் புகையாலும் 1993இல் அட்டகாமா பாலை மண்ணிலும் கவிதை எழுதியவர். கொச்சியில் அவர் தேர்ந்தது ஆஸ்பின்வால் மாளிகையின் பழைய பண்டகசாலை. நீண்ட அறையில் கடல்நீர் தேக்கப்பட்டது. பக்கச் சுவர்களில் கவிதையின் வினாக்கள்; எதிர்க்கோடிச் சுவரில் முதன்மைக் கவிதை. அதனைப் படிக்க விரும்புபவர் செருப்பைக் கழற்றி, ஆடையை உயர்த்தி, நீருக்குள் நடந்தாக வேண்டும். 2015 செப்டம்பரில் மத்தியதரைக் கடலைக் கடக்கையில் மாண்ட ஆலன் குர்தியின் படம் உலகெங்கும் பரவியது. உடன் மாண்ட அண்ணன் காலிப் குர்திக்கு அத்தகைய படம் இல்லை. கவிதை காலிப்பை நோக்கியது.

காட்சிக்கூடத்தில் கவிதைக்கு நேரும் பெரும் இடர், பார்வையாளர் நின்று படிக்காமல் நகர்ந்துவிடுவதே. பலகை எழுத்தைச் சிறிதாக்குவதோ பெரிதாக்குவதோ இதனைத் தீர்ப்பதில்லை. சூரித்தாவின் அமைப்பில் நீர் நடையைத் தாமதப்படுத்துகிறது. வினாவுக்கும் அடுத்த வினாவுக்கும் இடையே உடல் செலவிடும் நேரமே அடிகளுக்கிடையிலான இடைவெளியாகிறது. படம் இல்லாதவனைப் பற்றிய கவிதையில் படம் ஒன்றும் வைக்கப்படவில்லை என்பதும் கருதத்தக்கது. கடல்நீர் இங்கு அலங்காரமன்று. அகப்பாடலில் கருப்பொருள் உரிப்பொருளைத் தாங்குவது போன்ற பணியை அது செய்கிறது.

அதே காட்சியில் ஸ்லொவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டெகர் எழுப்பிய பிரமிடுக்குள் இருட்டில் நடந்தால், ஓவிட், தாந்தே, பிரெக்ட், தர்வீஷ் முதலிய நாடுகடந்த கவிஞர்களின் கவிதைகள் குரலாகக் கேட்டன. அர்ஜென்டீன எழுத்தாளர் செர்ஹியோ செஹ்ஃபெக்கின் புதினப் பகுதிகள் நகரச் சுவர்களில் எழுதப்பட்டன. இவற்றுள் பின்னது, சுவரெழுத்துக்குப் பழகிய தெருவில் எளிதில் கரைந்துவிடும் அமைப்பு. கரைவதே நோக்கமெனில் அது வெற்றி. கருத்தளவில் நயமாயினும், சூரித்தாவின் நீர் செய்ததை அச்சுவர் செய்யவில்லை என்றே தோன்றுகிறது.

குறிப்பு என்னும் சிக்கல்

காட்சி முடிந்ததும் நீர் வடிக்கப்படுகிறது. அருங்காட்சியகப் பதிவேட்டில் துணியையும் எழுத்தையும் பொருளாகச் சேர்க்கலாம்; நடந்த தொலைவையும் நீரின் ஆழத்தையும் சேர்ப்பதற்குக் கட்டம் இல்லை. தமிழ்ச் சோதனைக் கவிதையை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்ல விழைவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இப்பதிவின் வடிவத்தையே. ஓலைச்சுவடிக் கட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மேலேட்டை மட்டும் காட்டும் வழக்கத்தை நவீனக் கவிதைக்கும் நீட்டித்தால், எஞ்சுவது தாள் மட்டுமே.

முன்மாதிரி தொலைவில் இல்லை. புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர், சில இடங்களில் பாடப்பட்ட சூழல் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. பாடலுக்கு வெளியே நின்று, அது நிகழ்ந்த இடத்தையும் பொழுதையும் மீட்டுத் தரும் பதிவுகள் இவை. சூரித்தாவின் கவிதைக்கு இத்தகைய குறிப்பு எழுதுவதாயின் அறையின் நீளம், நீரின் அளவு, எழுத்தின் உயரம், ஒளி வந்த திசை, ஒருவர் நடந்து முடிக்க எடுத்த நேரம் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். புறநானூற்றின் பிற்பகுதியில் சிதைவினால் குறிப்பை இழந்த பாடல்கள் உண்டு. அவற்றை நாம் இன்று படிக்கிறோம், எவர்பொருட்டு எங்கு நின்று பாடியது என்று அறியாமல்.