பதினோராவது பொருத்தம்

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தினம், கணம், மாகேந்திரம் என்று ஆரம்பித்து ரஜ்ஜு, வேதை வரையில் ஜோசியர் விரல் மடக்கி எண்ணுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்தும் பொருந்திய வீட்டில் பாத்திரங்கள் பறப்பதுண்டு. பாதிகூடப் பொருந்தாத வீட்டில் பேரன் பேத்தி எடுத்து, சஷ்டியப்த பூர்த்தியும் கண்டு நிறைவாக வாழ்கிறவர்களும் உண்டு. அப்படியானால் ஜோசியர் எண்ணாமல் விட்ட பதினோராவது பொருத்தம் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அது எது?

இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றி அனுப்பியவர்கள் முதலிபாளையத்தில் இருக்கும் ஒரு தம்பதிகள். திருப்பூரை அடுத்த ஊர் அது. சிட்கோ தொழிற்பேட்டையும், பனியன் கம்பெனி வேன்களும், சனிக்கிழமை சம்பளமுமாக வாரம் ஓடுகிற இடம். கணவர் கட்டிங் மாஸ்டர். மனைவி செக்கிங் வேலைக்குப் போகிறார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. இப்போது மகளுக்கு வரன் பார்க்கிறார்கள்.

"பொண்ணும் பையனும் பேசிப் பிடிச்சிருந்தாச் சரிங்க. மாலையை மாத்திக்கிட்டு, ரிஜிஸ்டர் பண்ணிப்போட்டு வந்தா ஆச்சு. தாலி எதுக்கு, ஜாதகம் எதுக்குங்க?" என்றார் கணவர்.

"ஆமா மாமா, எங்கம்மா எனக்கு ஜாதகம் பார்க்காமப் போனதுதான் நான் இப்படி உங்க கையிலே மாட்டினேன்!" என்றார் மனைவி. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால், அருமைக்காரர் வந்து முறைப்படி சீர் செய்து, மங்கல வாழ்த்துப் பாடி, தாலி ஏறினால்தான் தமக்கு அது கல்யாணம் என்பதில் அந்த அம்மாள் கொஞ்சமும் விட்டுக் கொடுக்கவில்லை.

கணவர் சட்டத்தை எடுத்தார். 1967-ல் அண்ணாதுரை அவர்களின் மந்திரிசபை கொண்டுவந்த திருத்தம் 1968-ல் அமலுக்கு வந்தது. இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு அது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரிந்த பாஷையில் சொல்லி, மாலை மாற்றிக் கொண்டாலும் சரி, மோதிரம் அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, அது செல்லும். புரோகிதர் வேண்டியதில்லை.

"பாத்தீங்களா, அதுலயும் தாலின்னு எழுதித்தானே வெச்சிருக்கு?" என்று மடக்கினார் மனைவி. கட்டிங் மாஸ்டருக்குப் பதில் வரவில்லை!

சகோதரிகளே, இந்த வழக்கு இந்தத் தம்பதிகளோடு ஆரம்பித்ததல்ல. இங்கிருந்து ஐம்பது கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கும் ஈரோட்டில், நூறு வருஷத்துக்கு மேலாகிறது, இதே வழக்கு ஒரு பெரிய வியாபாரி வீட்டில் நடந்தது. கணவர் பெயர் ஈ.வெ. ராமசாமி. பின்னால் நாடே பெரியார் என்று அழைத்தது. மனைவி நாகம்மையார்.

1898-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பத்தொன்பது வயது, பெண்ணுக்குப் பதின்மூன்று. உறவுக்காரப் பெண்தான். வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரம், மூன்றாம் தாரமாகப் போக மாட்டேன், கட்டினால் ராமசாமியைத்தான் கட்டுவேன் என்று அந்தச் சிறு பெண் பிடிவாதமாக நின்றதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆசைப்பட்டுக் கைப்பிடித்தாரே தவிர, கருத்திலே இரண்டு பேரும் இரு துருவங்கள். நாகம்மையாருக்கு வெள்ளிக்கிழமை விரதம் உண்டு, கோயில் உண்டு, பூஜை உண்டு. கணவருக்கோ அதெல்லாம் வேடிக்கை. விரதத்தைக் குறும்பு செய்து கலைப்பார். மாமியார் சின்னத்தாயம்மையாரின் ஆசாரம் ஒரு பக்கம், கணவரின் அனாசாரம் ஒரு பக்கம். நடுவில் அகப்பட்ட மருமகளின் நிலையை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஒரு நாள் ராமசாமி தாலியைப் பற்றி வாதம் செய்தார். "நான்தான் பக்கத்திலேயே இருக்கிறேனே, இது எதற்கு?" என்கிற மாதிரி பேசிப் பேசிக் கழற்ற வைத்துவிட்டார். மறுநாள் வெறும் கழுத்தோடு அக்கம்பக்கத்துப் பெண்களின் கண்ணில் பட்டு நாகம்மையார் தவித்த கதை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. படிக்கும்போது முதலில் நமக்குச் சிரிப்பு வரும். அடுத்த நிமிஷம், 'பாவம், அந்தப் பெண் மனது என்ன பாடுபட்டிருக்கும்!' என்று தோன்றும்.

இருவருக்கும் ஒரே ஒரு குழந்தை. அதுவும் ஐந்து மாதத்தில் போய்விட்டது. 1904-ல் கணவர் வீட்டைத் துறந்து காசிக்குப் போனார். திரும்பி வந்தார். நாகம்மையாரின் அடுப்பு மட்டும் அணையவில்லை. எந்த நேரத்தில் எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சாப்பாடு தயார்.

ஆனால் அவர் சமையலறையோடு நின்றுவிடவில்லை என்பதுதான் ஆச்சரியம். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். கணவர் சிறைப்பட்டதும் நாகம்மையாரும் நாத்தனார் கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். மறியலை நிறுத்துவது ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகளே சொன்னதாகப் புகழ் பெற்ற சம்பவம் இது. 1924-ல் வைக்கம் போராட்டம். அங்கேயும் போய் நின்றார். 1931 டிசம்பர் முதல் 1932 நவம்பர் வரை கணவர் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் போயிருந்தபோது 'குடி அரசு' பத்திரிகையை இவர் பார்த்துக்கொண்டார். சுயமரியாதைக் கல்யாணங்களைத் தாமே முன்னின்று நடத்தியும் வைத்தார். விரதம் கலைந்ததற்காக வருந்திய அதே நாகம்மையார்தான்!

'அப்படியானால் கணவர் ஜெயித்துவிட்டார்' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

1933 மே மாதம் 11-ம் தேதி நாகம்மையார் காலமானார். நாற்பத்தெட்டு வயதுதான். யாரும் அழக் கூடாது, சடங்கு கூடாது என்றார் பெரியார். பிறகு 'குடி அரசு'வில் ஒரு கட்டுரை எழுதினார். பெண் விடுதலையைப் பற்றி ஊருக்கு நான் எவ்வளவோ போதிக்கிறேன். அதில் நூற்றில் ஒரு பங்காவது நாகம்மையார் விஷயத்தில் நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்பது அந்தக் கட்டுரையின் சாரம்.

மேடை மேடையாக எல்லாரையும் மடக்கிய மனிதர், முப்பத்தைந்து வருஷம் தம்மோடு குடித்தனம் செய்தவரிடம் தோற்றதாகத் தாமே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அல்லவா அது? இவ்வளவு நேர்மையாகத் தன் குறையை அச்சில் போட எத்தனை ஆண்களுக்குத் துணிச்சல் வரும்? அதற்காக அவரை வணங்கலாம். ஆனால் என் மனசு அடித்துக்கொள்வது வேறொன்றுக்கு. அதை வாசிக்க வேண்டியவர் வாசிக்கவில்லையே!

கடல் கடந்த ஓர் உதாரணமும் சொல்கிறேன். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினும் அவர் மனைவி எம்மாவும் 1839-ல் மணந்தவர்கள். எம்மா ஆழ்ந்த தெய்வ பக்தி உள்ளவர். கணவருக்கோ வர வர நம்பிக்கை தேய்ந்தது. இவருடைய சந்தேகங்களால் மறுமையில் நாம் பிரிந்துவிடுவோமோ என்பது எம்மாவின் பயம். கல்யாணமான புதிதிலேயே அதை ஒரு கடிதமாக எழுதிக் கணவர் கையில் கொடுத்தார். டார்வின் வாதாடவில்லை. அந்தக் கடிதத்தைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். நான் இறந்த பிறகு, இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்று தெரிந்துகொள் என அதன் அடியில் எழுதியும் வைத்தார். 1882-ல் அவர் கண்ணை மூடும்வரை நாற்பத்து மூன்று வருஷம் இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். கருத்து கடைசிவரை ஒன்றாகவில்லை.

பாருங்கள், இரண்டு வீட்டிலும் கணவன் மனைவிக்குக் கருத்து வேற்றுமைதான். ஆனால் உள்ளன்பு இருந்தது. இரண்டு பேரும் அந்த அன்பைக் கடைசியில் காகிதத்தில்தான் கொட்டினார்கள்.

முதலிபாளையத்தில் நான் இந்தக் கதையைச் சொன்னபோது கட்டிங் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவிதான் பேசினார்.

"2020-ல ஊரடங்கு போட்டாங்களே, கம்பெனியெல்லாம் மூடிப்போட்டாங்க. தாலிக்கொடியை அடகு வெச்சு, மஞ்சக் கயித்தோட இருந்தேனுங்க. கம்பெனி தொறந்த பொறவு ராத்திரி ஷிப்ட்டெல்லாம் பார்த்து, வேற எந்தக் கடனையும் கட்டறதுக்கு முந்தி அதைத்தான் மீட்டாந்து குடுத்தாரு. தாலியே வேண்டாங்கற மனுசன்! ஏன்னு இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்லீங்க."

"ஏன்?" என்று நான் அவரைக் கேட்டேன்.

வெகுநேரம் மௌனம். பிறகு மனைவியைப் பார்க்காமல், ஆனால் அவர் காதில் விழும்படி சொன்னார்: "எனக்கு நம்பிக்கை இல்லைங்க. அவளுக்கு இருக்குதே. வெறுங் கயித்தோட அவ கண்ணாடி முன்னாடி நின்னதை ஒரு நாள் பார்த்துப்போட்டேனுங்க."

அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபி ஆறுது, குடிங்க" என்றார். மகள் கல்யாணத்தில் தாலி உண்டா இல்லையா என்பது அன்று முடிவாகவில்லை. நான் பஸ் ஏறும்போதுகூட உள்ளே வாதம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் குரலில் ஒரு குழைவு வந்திருந்தது.

பதினோராவது பொருத்தம் எது என்று இப்போது தெரிகிறதல்லவா? கருத்து ஒத்துப் போவதல்ல அது. மற்றவருடைய நம்பிக்கையைத் தம் நம்பிக்கையில்லாமலே மதிப்பதும், அந்த மதிப்பை வாய்விட்டுச் சொல்வதும்தான். சொல்ல வேண்டியது ஏதாவது உங்களிடம் பாக்கி இருந்தால் கட்டுரையாக எழுத வேண்டாம். கடிதத்தின் அடியில் குறித்து வைக்கவும் வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாடு பரிமாறும்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் சொல்லச் சொல்லுங்கள்!